வீட்டில் மூன்று தண்ணீர்: எந்த வேலைக்கு எது?

நாகலூர்ப்பெண் எழுதியது:

வணக்கம். ஏற்காடு மேலே நாகலூரில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்குப் பக்கத்தில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள்.

ஊரில் எங்களுக்கு ஒரே தண்ணீர்தான். ஊற்றிலிருந்து பைப் போட்டு இறக்கியது. குடிக்க, குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட, எல்லாவற்றுக்கும் அதுவே. இங்கே வந்தால் ஒரே வீட்டில் மூன்று தண்ணீர். முறை வைத்து வருகிற காவிரித் தண்ணீர் சம்பில் விழுகிறது (சம்பு 3000 லிட்டர் பிடிக்கும்). போர் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறி, வீடு முழுக்கக் குழாயில் வருகிறது. அப்புறம் கடையில் வாங்கும் கேன்.

போர் தண்ணீரில்தான் தொல்லை. எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு மலராமல் கொட்டையாக நிற்கிறது. சோறு லேசாக மஞ்சள் தட்டுகிறது. கட்டன் சாயா போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை. குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. வாளியில் போடும் ஹீட்டர் கம்பியில் ஓடு பிடித்துவிட்டது. சோப்பு கரைகிறதே தவிர நுரைக்கவில்லை. மகளுக்குத் தலை குளிப்பாட்டினால் முடி சடை சடையாகச் சிக்கு. இதெல்லாம் போகட்டும், அப்பா தோட்டத்துக் காப்பிக்கொட்டையை வறுத்துக் கொடுத்தனுப்புகிறார். அந்தக் காப்பியே இங்கே சவசவ என்று இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் முணுமுணுத்தால், "தாயைப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்காதே" என்கிறார் மாமியார். அவரே பருப்புக்குக் கேன் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார், அது வேறு கதை.

கடையில் விசாரித்தால் வீடு முழுவதற்கும் ஒரு சாஃப்ட்னர் (உப்புத் தண்ணீரை நுரைக்கிற தண்ணீராக மாற்றும் கருவி) போட்டுவிடுங்கள் என்கிறார்கள். சொன்ன விலையைக் கேட்டுக் கணவர் எழுந்தே வந்துவிட்டார். அது உண்மையிலேயே தேவையா? இல்லை, எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டால் போதுமா? சேலத்தில் ரொம்ப காலம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


சாயப்பட்டறை எழுதியது:

அம்மா, நான் அம்மாப்பேட்டையில் சாயப்பட்டறை வேலை பார்த்து ஓய்ந்த ஆள். நூலும் தண்ணீருமாகவே வயசு போனது. உங்கள் கேள்விக்கு எங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது.

பட்டறையில் புதுசாக ஒரு தண்ணீர் வந்தால் சாயத்தைத் தொடுவதற்கு முன் சோப்பு போட்டுப் பார்ப்போம். நீங்களும் செய்யலாம். ஒரே மாதிரி மூன்று பாட்டில் எடுத்து, பாதி அளவுக்குக் காவிரி, போர், கேன் என்று ஊற்றிக்கொள்ளுங்கள். பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு விடுங்கள். பவுடர் கூடாது, அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்து ஏமாற்றும். மூடிக் குலுக்கி வையுங்கள். நல்ல தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும். உப்புத் தண்ணீரில் நுரை வராது, தண்ணீர் பால் மாதிரி கலங்கி, மேலே தயிர்த்திரி போல ஒன்று மிதக்கும். அந்தத் திரியைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். தண்ணீரிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. உங்கள் மகள் முடியில் சடை பிடிப்பது இதேதான்.

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் அதன் பசையை எடுக்க சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்போம். அதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் இந்தத் திரி நூலிலேயே ஒட்டிக்கொள்ளும். பளபளப்பு போச்சு. அதற்குமேல் எந்தக் கலரை ஏற்றினாலும் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். பருத்தியிலும் சில சாயங்கள் உப்புத் தண்ணீரில் மங்கிவிடும். முதலாளி பார்ட்டிக்குக் காட்டிய சாம்பிள் ஒரு நிறம், லாட்டில் வந்தது இன்னொரு நிறம் என்றால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவோம்.

அதற்காகப் பட்டறை முழுக்க நல்ல தண்ணீரா விட்டோம்? கட்டுப்படியாகுமா? தொட்டி கழுவ, தரை கழுவ, சிட்டா நூலை (சுற்றிக் கட்டிய நூல்கட்டு) முதலில் நனைக்கப் போர் தண்ணீர். சாயத் தொட்டிக்கும் கடைசி அலசலுக்கும் மட்டும் நல்ல தண்ணீர். வீட்டுக்கும் அதே கணக்குதான். முதலில் எது தொட்டாலும் பரவாயில்லை, கடைசியாகத் தொடுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

துணியைப் போர் தண்ணீரில் பவுடர் போட்டுத் துவையுங்கள், கடைசி அலசலைக் காவிரியில் போடுங்கள். பாத்திரமும் அப்படியே. கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் புள்ளி விழாது. மகளைப் போர் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், தலைக்குக் கடைசியாக இரண்டு சொம்பு காவிரி. பருப்பு, சோறு, காப்பி, குடிப்பது நாலுக்கும் காவிரி மட்டும். காவிரியில் பருப்பு மலர்ந்துவிடும், அதற்குப் போய்க் கேன் தேவையில்லை, மாமியாரிடம் சொல்லுங்கள். பருப்பில் சோடா உப்பு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வேகும், ஆனால் ருசியும் போகும், பி வைட்டமினும் போகும். கக்கூஸ், வாசல் தெளிப்பது, வண்டி கழுவுவது எல்லாம் போர்.

வண்டி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம்மூரில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்றுதான் பார்ப்போம். 120 அடி நிரம்பிவிட்டால் நம் வீட்டில் விசேஷம் மாதிரி. ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு போய் அந்தக் காவிரியில் முங்கி, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருகிறோம். திரும்பி வந்து அதே காவிரியை ஹோஸில் பிடித்துக் காரைக் கழுவுகிற ஆட்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

வீடு முழுக்க சாஃப்ட்னர் வேண்டாம். அதில் இருப்பது ரெசின் மணி. தண்ணீரிலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். நுரை வரும், ஓடு பிடிக்காது. ஆனால் தண்ணீரின் மொத்த உப்பு அப்படியேதான் இருக்கும், கரிப்பு போகாது. ரெசின் களைத்துப்போனால் கல்லுப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழிவைச் செடிக்கும் விடக்கூடாது, மழைநீர்க் குழிக்கும் விடக்கூடாது. கக்கூஸில் ஊற்றுகிற தண்ணீருக்கு எதற்கம்மா அவ்வளவு வைத்தியம்? வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் மட்டும் சின்னதாக ஒன்று வேண்டுமானால் பின்னால் யோசியுங்கள்.


அளவுகோல் எழுதியது:

சாயப்பட்டறை ஐயா சொன்னதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. நகரத்து வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வைத்திருக்கும் அளவு. அதை இந்தியத் தரநிலையில் இப்படிப் பிரித்திருக்கிறார்கள்: குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துவைக்க 20, வீடு கழுவ 10, பாத்திரத்துக்கு 10, சமையலுக்கு 5, குடிக்க 5.

கவனித்தீர்களா, வாய்க்குள் போவது 10 லிட்டர்தான். உங்கள் வீட்டில் ஐந்து பேர், 50 லிட்டர். கடைசி அலசல், தலைக்கு ஊற்றுவது எல்லாம் சேர்த்தாலும் 150க்குள் அடங்கும். 3000 லிட்டர் சம்பை எல்லா வேலைக்கும் எடுத்தால் நாலரை நாள்கூடத் தாங்காது. பிரித்து எடுத்தால் இருபது நாள் ஓடும். அத்தனை நாள் சேர்த்து வைக்கச் சொல்லவில்லை, அடுத்த முறை தள்ளிப்போனால் பதற வேண்டியதில்லை என்று சொல்கிறேன். சம்பு மூடி இறுக்கமாக இருக்கட்டும், கொசு போகாமல்.


வெட்டிப்பேச்சு எழுதியது:

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை யாரும் சொல்லவில்லையே. சுத்தமான தண்ணீர், உப்பே கிடையாது. நான் வாளி வைத்துப் பிடித்து இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறேன். காசு மிச்சம்.


சேர்வராயன் காப்பி எழுதியது:

பேட்டரிக்கு வேண்டாம் அண்ணா. ஏசித் தண்ணீர் செம்பு, அலுமினியச் சுருளைத் தொட்டுக்கொண்டு, தூசியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. பேட்டரிக்கு வாலைநீர் (டிஸ்டில்டு வாட்டர்) வாங்கி ஊற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஏசித் தண்ணீரில் தரை துடைக்கலாம். குடிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டாம் என நினைக்கிறேன்.

நாகலூர் அக்காவுக்கு: நான் மஞ்சக்குட்டைப் பக்கம், கொஞ்சம் காப்பியும் மிளகும். மேலே இருக்கும் தண்ணீர் ஏன் அப்படி இருக்கிறது என்றால், நம் மலை சார்னோகைட் பாறை. கெட்டிப்பாறை, எளிதில் கரையாது. மழையும் நிறைய, தண்ணீர் நிலத்துக்குள் ரொம்ப நாள் தங்காமல் ஊற்றாக வெளியே வந்துவிடும். கரைத்துக்கொள்ள நேரமே கிடையாது. கீழே அடிவாரத்தில், சூரமங்கலம் பக்கம் வெள்ளை மலைகளைப் பார்த்திருப்பீர்கள், மேக்னசைட் வெட்டுகிற இடம். மேக்னசைட் என்பதே மெக்னீசியம் கார்பனேட்தான். அப்படிப்பட்ட பாறைக்குள் பல வருஷம் ஊறிக் கிடந்த தண்ணீரை ஆழத்திலிருந்து இழுத்தால் அது இனிக்குமா?

காப்பி சவசவ என்று இருப்பதற்கும் அதுவே காரணம். அராபிகா வகைக் காப்பியில் மெல்லிய ஒரு புளிப்பு உண்டு, நாக்கில் தெரியும். போர் தண்ணீரிலிருக்கும் பைகார்பனேட் அந்தப் புளிப்பை அமுக்கிவிடும். அப்பா கொட்டையில் ஒரு குறையும் இல்லை. காவிரித் தண்ணீரைக் கொதி வந்ததும் இறக்கி, சற்று நேரம் விட்டு ஃபில்டரில் ஊற்றுங்கள். மாற்றம் தெரியும்.

ஆனால் மேலே தண்ணீர் தாராளம் என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். கிளியூர் அருவியில் தண்ணீர் கொட்டும் படத்தைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் வருவது, கோடையில் வெறும் பாறைதான். மார்ச், ஏப்ரலில் ஊற்று நூலாக மெலிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்களுக்குப் பூ மழை வேண்டும். மொட்டு கட்டிக் காய்ந்து நிற்கும் காப்பிச்செடி, ஒரு நல்ல மழை பெய்தால் ஒன்பது பத்து நாளில் ஒரே சேரப் பூத்துவிடும். மல்லிகை வாசம், கிளை தெரியாமல் வெள்ளை. தூறலாகப் போய்விட்டால் மொட்டு அரைகுறையாகத் திறந்து கருகும். பூத்த பிறகு சில வாரத்தில் இன்னொரு மழை வேண்டும், பிஞ்சு நிற்க. குட்டை வைத்திருப்பவர்கள் ஸ்பிரிங்க்ளர் போட்டுத் தப்பிக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் வானத்தைப் பார்க்கிறோம்.

பறித்த பிறகும் தண்ணீர்தான். பழத்தோல் உரித்த கொட்டையில் கொழகொழப்பு ஒட்டியிருக்கும். தொட்டியில் போட்டு ஊறவைத்துப் புளித்ததும், கையில் எடுத்துத் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரக்க வேண்டும். அப்போதுதான் அலசுவோம். ஒரு மணி நேரம் முந்தினாலும் பிந்தினாலும் வாசம் கெட்டுவிடும். அலசிய தண்ணீரை ஓடையில் விட்டால் அழுகி நாறும், கீழே இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். அதனால் குழியில் விட்டுத் தேக்குகிறோம்.


ஓமலூர்க்காரன் எழுதியது:

எல்லோரும் பருப்பையும் நுரையையும் பேசுகிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன். சேலம், தருமபுரிப் பக்கம் சில இடங்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டு. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பிள்ளைகள் பல்லில்தான் தெரியும், பழுப்புக் கோடாக. எங்கள் வகுப்பில் யார் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் என்று சிரித்தாலே சொல்லிவிடலாம். பக்கத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் கொண்டுபோன கூட்டுக்குடிநீர்த் திட்டமே முக்கியமாக இதற்காகத்தான். 2013இல் திறந்தார்கள்.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை, அதற்குமேல் கூடாது என்பது தரநிலை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு கீழே படியும். ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். உங்கள் பகுதியில் இருக்கிறது என்று சொல்லவில்லை. குழந்தைகள் இருக்கும் வீடு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் சுத்தமான கேனில் பிடித்துக் கொடுங்கள். தொட்டியில் தேங்கியதைப் பிடிக்காதீர்கள்.


கிழங்குமாவு எழுதியது:

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரன் ஒரு வார்த்தை. மரவள்ளிக் கிழங்கைக் கழுவ, அரைக்க, அரைத்த மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவைக்க எல்லாம் தண்ணீர்தான். தண்ணீரில் இரும்பு இருந்தால் மாவு வெள்ளையாக வராது, பழுப்படிக்கும், ஏலத்தில் விலை இறங்கும். உங்கள் போர் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால் இரும்பும் இருக்கிறது. வெள்ளை வேட்டியை அதில் போடாதீர்கள், அவ்வளவுதான்.


நாகலூர்ப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சோப்புப் பரிசோதனை செய்தோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கேனில் நுரை மூடி வரைக்கும், காவிரியில் பாதி, போரில் ஐயா சொன்ன தயிர்த்திரியேதான். மாமியார் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதையா தலைக்கு ஊத்தினோம்" என்றார். பழமொழி அதற்குப் பிறகு வரவில்லை. வாளி அடியில் செம்மண் படியவில்லை. ஆய்வகத்துக்குத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புகிறோம்.

காப்பி சரியாகிவிட்டது. அதற்கே உங்களுக்கெல்லாம் ஒரு டம்ளர் போட்டுத் தர வேண்டும்.

இப்போது பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறோம். காவிரிக்கு மாடியில் சின்னதாக ஒரு தனித் தொட்டி, அங்கிருந்து சமையலறைக்கும் துவைக்கும் இடத்துக்கும் தனி லைன். சரிதானா? இன்னொன்று, மொட்டைமாடி 600 சதுர அடி. வீட்டை விற்றவர் மழைநீர்ப் பைப்பைத் தெருவுக்கு விட்டிருக்கிறார். அதைத் திருப்பினால் பிரயோஜனம் உண்டா?


சாயப்பட்டறை எழுதியது:

உண்டாவது! மழைத் தண்ணீரை மிஞ்சிய சாயத் தண்ணீர் கிடையாது. ஐப்பசியில் பட்டறைக்கூரையில் தகரம் சாய்த்து அண்டாவில் பிடிப்போம். இளநிறம் ஏற்ற வேண்டிய நூலை அதற்காகவே ஒதுக்கி வைத்திருப்போம். 600 சதுர அடியில் ஒரு அங்குல மழை விழுந்தால் 1400 லிட்டர் கணக்கு வரும். அதில் கொஞ்சம் நனைந்தும் சிந்தியும் போனாலும் ஆயிரத்துக்குக் குறையாது. 2003லேயே எல்லா வீட்டுக்கும் மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. பைப்பைத் தெருவுக்கு விட்டவரை என்ன சொல்ல.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் மாடியைப் பெருக்கிவிடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விடுங்கள், காக்காய் எச்சம், தூசி எல்லாம் அதோடு போகும். அதற்கு ஒரு தனி வால்வு போதும். அப்புறம் ஜல்லி, கரி, மணல் போட்ட தொட்டி வழியாக ஒரு டிரம்முக்கு விடுங்கள், துவைக்கவும் தலைக்கும் எடுங்கள். சம்பில் கலக்காதீர்கள், குடிக்கிற தண்ணீர் தனியாகவே இருக்கட்டும். டிரம் நிரம்பி வழிவதைப் போருக்குப் பக்கத்தில் குழி எடுத்து இறக்குங்கள். நேராகப் போர் பைப்புக்குள் விடச் சொன்னால் கேட்காதீர்கள், குப்பை போய் அடைத்துக்கொள்ளும். மூக்கனேரி நிரம்பி நின்றால் உங்கள் பக்கம் போரும் கொஞ்சம் மேலே ஏறும், ஊரே சேர்ந்து தூர்வாரிய ஏரி அது.


பைப்புக்காரன் எழுதியது:

தனித் தொட்டி, தனி லைன் சரி அக்கா. ரெண்டு விஷயம் பிளம்பரிடம் அழுத்திச் சொல்லுங்கள். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று இரண்டு லைனையும் நடுவில் ஒரு வால்வு வைத்து இணைப்பார்கள். வேண்டவே வேண்டாம். வால்வு கசிந்தால் போர் தண்ணீர் காவிரித் தொட்டிக்குள் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. சம்பிலிருந்து ஏறும் லைனில் தண்ணீர் திரும்பாத வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள்.

ஃப்ளஷ் டேங்குக்குப் போர் தண்ணீர்தான் போகும், அதனால் உள்ளே மிதவை வால்வில் சுண்ணாம்பு பிடித்துத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். குழாய் வாய்ச் சல்லடைக்கும் அதுவே மருந்து. எலுமிச்சை மூடி இருந்தால் அதையும் தேய்க்கலாம். ஆசிட் ஊற்றாதீர்கள், குரோம் பூச்சு உரிந்துவிடும்.


நாகலூர்ப்பெண் எழுதியது:

நன்றி தம்பி. சமையலறையில் இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் வரப்போகிறது. நீலக் கைப்பிடி காவிரி, சிவப்பு போர் என்று வைக்கலாமா? மாமியாருக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் குழம்பும்.


பைப்புக்காரன் எழுதியது:

சிவப்பு வைத்தால் வருகிறவர்கள் வெந்நீர் என்று நினைப்பார்கள் அக்கா. காவிரிக்கு நீலம், போருக்குக் கறுப்பு வையுங்கள். கைப்பிடி உடைந்து மாற்றினால் நிறம் மாறிவிடும், அதனால் மாடித் தொட்டியிலும் பைப்பிலும் பெயிண்ட்டால் பெரிசாக எழுதிவிடச் சொல்லுங்கள். பிளம்பர் போகும் முன்பே.